இருபத்தைந்தாவது வரி

பழைய மென்பொருள் ஒன்றைப் புதிய கணினியில் ஓட வைக்கச் சொல்லி என்றாவது உங்களை அனுப்புவார்கள். நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள். புதிதாக எதையாவது உருவாக்கலாம் என்று படித்துவிட்டு வந்தவர்களுக்கு, தாங்கள் பிறப்பதற்கு முன் யாரோ எழுதிவிட்டுப் போனதைக் கட்டி இழுப்பது தண்டனை மாதிரித்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் மலேசியாவின் கெடா மாநிலத்தில் என் வேலைக்காலத்தில் பாதி இதிலேயே போனது. நெல் ஆலை, இரும்புக்கடை, தோட்ட ஆபீஸ், கிளினிக், எங்கே போனாலும் ஒரு மூலையில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். எழுதியவர் எங்கே என்று கேட்டால், ஆள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆயிற்று என்பார்கள். கணினி செத்துப்போகும் வரை யாருக்கும் கவலை கிடையாது. செத்த பிறகு, கடையில் புதிதாக வாங்கி வந்த கணினி அந்த மென்பொருளைத் திறக்கவே மறுக்கும். அப்போதுதான் நம்மைத் தேடுவார்கள்.

நான் சொல்லப்போவது அப்படி ஒரு வேலையைப் பற்றி. அதில் ஒரு பெண் இறந்துபோனார். இதை எங்கேயும் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர், "புரோகிராம் ஓப்பன் ஆயிடுச்சு அக்கா, வேலை முடிஞ்சது" என்று என்னிடம் போனில் சொன்னார். அன்று முழுவதும் என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது சுங்கைப்பட்டாணியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிறுவனத்தில். முதலாளி நல்ல மனிதர். என் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் பல நாள் ஆசுபத்திரிக்கு அழைத்துக்கொண்டு அலைந்த காலத்தில், ஒருநாள்கூட அவர் என்னிடம் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. கணவர் இறந்தபோது கொட்டகை போட்டதிலிருந்து சாப்பாடு வரை எல்லாவற்றையும் முன்னால் நின்று பார்த்துக்கொண்டார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மை ஒரு தவறான காரியத்தைச் செய்யச் சொல்கிறவர் கெட்டவராக இருந்தால் மறுப்பது சுலபம். அவர் கெட்டவராக இருக்க மாட்டார்.

எங்களோடு குமரேசன் என்று ஒருவர் இருந்தார். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். தோட்டத்தில் பிறந்து, பாலிடெக்னிக்கில் படித்து, எங்களிடம் வந்து சேர்ந்தவர். கை அவ்வளவு வேகம். கிளினிக் அக்காமார்களுக்கெல்லாம் அவரைத்தான் பிடிக்கும், ஏனென்றால் அவர் எதற்கும் எரிந்து விழ மாட்டார். கேட்டதைச் செய்துகொடுத்துவிட்டு வருவார். அப்போதுதான் கல்யாணமாகி, மனைவி முழுகாமல் இருந்தாள்.

பீடோங்கில் ஒரு கடை வரிசையில் ஒரு பழைய கிளினிக் இருந்தது. அதை நடத்தியவர் வயதான டாக்டர். சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று தலைமுறைக்கு மருந்து கொடுத்தவர். கூலிமில் இருக்கும் தொழிற்சாலைகள் சிலவற்றின் வேலையாட்களும் அங்கேதான் வருவார்கள். கம்பெனி அட்டையைக் காட்டினால் பணம் கட்ட வேண்டாம், கிளினிக் மாதக் கடைசியில் கம்பெனிக்குக் கணக்கு அனுப்பிவிடும். அந்தக் கணக்குக்காக எப்போதோ எழுதிய மென்பொருளில்தான் நோயாளிகளின் விவரமும் இருந்தது. ஒரு நாள் மாலை இடி விழுந்து, முன்மேசைக் கணினியும் டாக்டர் அறைக் கணினியும் ஒன்றாகப் போய்விட்டன. வட்டுகளில் இருந்த விவரம் மட்டும் பிழைத்தது.

குமரேசன் போனார். புதிய கணினிக்குள் பழைய கணினி ஒன்று இருப்பதுபோல் நடிக்கும் எமுலேட்டரைப் போட்டு, அதற்குள் அந்த மென்பொருளை ஓட வைத்தார். நீங்கள் இன்றும் செய்வது அதைத்தான். வெளியே நோயாளிகள் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு நோயாளியின் பெயரைத் தட்டினார், விவரம் வந்தது. ரசீதை அச்சடித்தார், வந்தது. பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எழுத்து சின்னதாக இருக்கிறது, கண்ணுக்கு எட்டவில்லை என்றார். குமரேசன் திரை நிறையும் அளவுக்கு அந்தச் சன்னலைப் பெரிதாக்கிக் கொடுத்தார். டாக்டருக்குப் பரம சந்தோஷம். முதுகில் தட்டி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். ஆபீசுக்கு வந்து குமரேசன் அதை எங்களிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

பழைய கறுப்புத் திரையில் இருபத்தைந்து வரிகள் உண்டு. சன்னலைப் பெரிதாக்கியதில் கடைசி வரி மட்டும், விண்டோஸின் அடிப்பட்டைக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வாய்ப்பும் இல்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்த வரி காலியாகத்தான் இருக்கும். சிலருக்கு மட்டும் அதில் சிவப்பில் ஒரு வாக்கியம் மின்னும். இவருக்கு இன்ன மருந்து ஆகாது என்று.

பெரிய டாக்டர் இருந்த வரை ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கு எது ஆகாது என்று அவருக்குத் தலைக்குள்ளேயே இருந்தது. சில வாரம் கழித்து, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக அவர் ஈப்போவுக்குப் போனார். அவருக்குப் பதிலாக நாலைந்து நாளைக்கு ஒரு இளம் டாக்டர் வந்து உட்கார்ந்தார். அலோர் ஸ்டார்க்காரர், மலாய்க்காரர், மேல்படிப்புப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்.

அந்த நாட்களில்தான் வனஜா அங்கே வந்தார். செமிலிங்கில் குடியிருந்து, கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த பெண். நின்றே செய்யும் வேலை. இடுப்பு வலி தாங்க முடியாமல் கணவரோடு வந்தார். கணவர் வெளியே காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். டாக்டர் வலிக்கு ஓர் ஊசி போட்டார். வனஜா அறையைவிட்டு வெளியே வந்து, மருந்து வாங்கும் சன்னலுக்கு முன்னால் நின்று, மூச்சு விட முடியவில்லை என்று கழுத்தைக் காட்டினார். அங்கேயே விழுந்துவிட்டார். டாக்டர் ஓடி வந்து தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தார். ஆம்புலன்ஸ் சுங்கைப்பட்டாணியை எட்டும்போது உயிர் இல்லை.

மறுநாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டு, பீடோங் கிளினிக்கில் ஏதோ பிரச்சினை, கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள், நீ போ என்றார். குமரேசன் வேறு ஒரு வேலையாக ஊருக்குள் போயிருந்தார். பெண் இறந்த விஷயம் முதலாளிக்குத் தெரிந்திருந்தது, எங்கள் வேலையோடு அதற்குத் தொடர்பு இருக்கும் என்று அப்போது அவர் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

கிளினிக் கதவில் பாதியை இறக்கி வைத்திருந்தார்கள். உள்ளே மருந்து கொடுக்கும் ரோகிணி மட்டும் இருந்தார். முப்பதைத் தாண்டிய பெண், அங்கேயே பல வருடமாக வேலை. இளம் டாக்டர் நோயாளிகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் காலையிலேயே வந்துபோய்விட்டதாகவும் பிற்பகல் மறுபடி வரும் என்றும் ரோகிணி சொன்னார். கணினியைத் தொட வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை, அதைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவே இல்லை என்றார்.

பிறகு என்னதான் பிரச்சினை என்று கேட்டேன். ரோகிணி டாக்டரைப் பார்த்தார். அவர் மெதுவான குரலில் மலாயில் பேசினார். ஊசி போடுவதற்கு முன், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று தான் கேட்டதாகவும், ஏதோ ஒரு மாத்திரைக்கு முன்பு ஒரு தடவை முகம் வீங்கியது, பெயர் தெரியாது, ஆனால் பெரிய டாக்டர் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கிறார் என்று அந்தப் பெண் சொன்னதாகவும் சொன்னார். அவர் திரையைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. மேலே கீழே எல்லாம் தேடினார். ஒன்றும் இல்லை. வேறு எதனாலோ வந்த வீக்கத்தை மாத்திரைமேல் போட்டுச் சொல்கிறார் போலும் என்று நினைத்துவிட்டார்.

"அவர் சொன்னார். நான் பார்த்தேன்," என்றார். இதையே இரண்டு மூன்று தடவை சொன்னார்.

அவர் பெரிய டாக்டருக்கு ஈப்போவுக்குப் போன் செய்து கேட்டபோது, அந்தப் பெண்ணுக்கு அந்த வகை மருந்தே ஆகாது, தன் கையாலேயே தட்டி எழுதிய நினைவு இருக்கிறது என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் எழுதியது எங்கே போயிற்று? அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

டாக்டர் அறைக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். எதையும் தொடுவதற்கு முன், திரை இருந்த நிலையைப் போனில் படம் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் வனஜாவின் பெயரைத் தட்டினேன். விவரம் வந்தது. அதையும் படம் எடுத்தேன். பெயர், கம்பெனி, கடைசியாக வந்த தேதி, எல்லாம் இருந்தன. நான் வரிகளை எண்ணினேன். அது என் புத்திசாலித்தனம் இல்லை, பழைய திரைகளோடு புழங்கியவர்கள் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். ஒரு வரி குறைந்தது.

சன்னலைப் பிடித்து மேலே தூக்கினேன். கீழே சிவப்பாக மின்னிக்கொண்டு அது வந்தது.

இளம் டாக்டர் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். நான் திரும்பவில்லை. அவர் அந்த வரியை வாய்விட்டு வாசித்தது மட்டும் கேட்டது. மருந்தின் பெயர் வந்த இடத்தில் குரல் நின்றுபோயிற்று. பிறகு அவர் அறையை விட்டு வெளியே போய்விட்டார். ரோகிணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த முதல் நினைப்பு அந்தப் பெண்ணைப் பற்றியது அல்ல. குமரேசன் இதே வேலையை வேறு எங்கெல்லாம் செய்தார் என்பதுதான்.

நடைபாதைக்கு வந்து குமரேசனுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். வேறு எங்கே போட்டாய் என்று கேட்டேன். பீடோங் டாக்டருக்குப் பிடித்துப்போனதால், அதே மென்பொருள் இருந்த மற்ற கிளினிக்குகளுக்கும் அதே அமைப்பைப் பிரதி எடுத்துப் போட்டதாகச் சொன்னார். கூலிமில் ஒன்று, மெர்போக்கில் ஒன்று, அலோர் ஸ்டாரில் ஒன்று. மூன்றிலும் அந்த நேரத்தில் நோயாளிகள் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்து முதலாளிக்குச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று பின்னால் சிலர் கேட்டார்கள். அவர் நிறுவனம் அது, அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் தெளிவாகப் பேசினார். அந்த மூன்று இடத்துக்கும் பிற்பகலுக்குள் ஆள் அனுப்பிச் சரி செய்துவிடலாம், வழக்கமான பராமரிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம், போனில் மட்டும் யாரிடமும் பேச வேண்டாம் என்றார். பீடோங்கில் நான் தூக்கிய சன்னலைத் தூக்கியபடியே விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். வரி திரையில் இருக்கிறது, டாக்டர்தான் பார்க்கவில்லை என்று ஆகிவிடும் என்றார்.

நோயாளிகள் இப்போதே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன்.

"ரெண்டு மூணு மணி நேரம் லா, ஜெயா. இத்தனை நாளு ஒண்ணும் ஆகல. நீ போன்ல சொன்னா அதுவே சாட்சி. நம்ம பையன் லைஃப் போயிடும். அந்த டாக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கு, வக்கீல் வருவாங்க, அவங்க ஆளுங்க பாத்துக்குவாங்க. குமரேசனுக்கு யாரு இருக்கா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. குமரேசனுக்கு யாரும் இல்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நெருக்கடியில் நமக்கு முன்னால் வரும் யோசனை நியாயம்போலவே இருக்கும், அன்புபோலவும் இருக்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை யார் தலையில் வைக்கிறோம் என்பது மட்டும் அதில் இருக்காது.

நான் போனை வைத்துவிட்டு, கூலிம் கிளினிக்குக்கு அடித்தேன். இரண்டு தடவை தப்பான எண்ணுக்குப் போயிற்று. போனை எடுத்தது ஒரு சீனப் பெண். யார் என்று சொல்லி, திரையில் நோயாளி விவரம் இருக்கும் சன்னலை மேலே இழுக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். மருந்து ஆகாதவர்களுக்கு வரும் எச்சரிக்கை மறைந்திருக்கிறது என்றேன். இழுத்தார். போனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. நாற்காலி தள்ளும் சத்தம், கதவைத் தட்டும் சத்தம். நான் வெயிலில் நின்றுகொண்டு அந்த வெற்றுப் போனைக் காதில் வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி வந்து, உள்ளே ஒரு கிழவர் இருக்கிறார், அவர் பெயருக்குச் சிவப்பு வரி வருகிறது, இன்னும் ஊசி போடவில்லை என்றார். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மெர்போக்குக்கும் அலோர் ஸ்டாருக்கும் அடித்தேன். அங்கே அந்த நேரத்தில் அப்படி யாரும் இல்லை.

மூன்றாவது போனை வைத்ததும்தான், இனி எதையும் மூடி வைக்க முடியாது என்பது எனக்கு உறைத்தது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதி குமரேசன் வரும் வரைதான்.

மோட்டார்சைக்கிளில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. நான் கிளினிக்கில் என்ன செய்தேன் என்று கேட்டார். படம் எடுத்தேன், தூக்கினேன், இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை என்றேன்.

"படத்த அழிச்சிருங்க அக்கா. அந்த மூணு எடத்துல மறைஞ்சிருந்துச்சு, இங்க மறையல. அவ்வளவுதான். யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்குத் தெரியும். ரோகிணிக்குத் தெரியும்."

"அவரு தன்னக் காப்பாத்த என்ன வேணா சொல்லுவாரு. ரோகிணி அக்காகிட்ட நான் பேசுறேன்."

அழிக்க மாட்டேன் என்றேன். அவர் அங்கேயே, நடைபாதையின் விளிம்பில் குந்திவிட்டார்.

"நான் என்னக்கா தப்பு செஞ்சேன்? எழுத்தப் பெருசு பண்ணிக் கேட்டாங்க. பண்ணிக் கொடுத்தேன்."

இன்று வரை அதற்கு எனக்கு முழுப் பதில் தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கியது தப்பில்லை. கேட்டவர் தப்பில்லை. உயிர்போகிற எச்சரிக்கையைத் திரையின் கடைசி வரியில் வைத்தவர், அந்தக் காலத்துத் திரையில் அது பளிச்சென்று தெரியும் என்றுதான் வைத்திருப்பார். குமரேசன் சோதித்துப் பார்க்காமலும் இல்லை. அவர் பெயரைச் சோதித்தார், ரசீதைச் சோதித்தார். தினமும் நடப்பது எல்லாம் நடக்கிறதா என்று பார்த்தார். எப்போதோ ஒரு தடவை மட்டும் நடக்க வேண்டியது எது என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நாங்கள் யாருமே அதுவரை கேட்டதில்லை. அந்த வேலைக்கு நான் போயிருந்தாலும் கேட்டிருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அவரிடம் அப்போது இதையெல்லாம் சொல்லவில்லை. போலீஸ் வரும்போது நீயும் இருந்து நீயே சொல்லு, அது உனக்கு நல்லது என்றேன். அவர் எழுந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிற்பகலில் இன்ஸ்பெக்டரிடம் நான்தான் சொன்னேன். படங்களைக் கொடுத்தேன். சன்னலை இறக்கியும் ஏற்றியும் காட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மறுபடியும் காட்டச் சொன்னார்.

மறுநாள் முதலாளி என்னை வேலையைவிட்டுப் போகச் சொல்லவில்லை. என்னிடம் பேசவில்லை, அவ்வளவுதான். எனக்கு முன்னால் தேநீரை வைப்பார், வேலைச் சீட்டை மட்டும் அடுத்தவரிடம் கொடுப்பார். நான் அந்த மாதக் கடைசியில் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். குமரேசன் அதற்கு முன்பே நின்றுவிட்டார். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்த செய்தி வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். பார்க்கப் போனேன். அந்தப் பெண் கதவைத் திறந்து, நான் யார் என்று தெரிந்ததும், குழந்தை தூங்குகிறது என்று சொல்லி மூடிவிட்டாள். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மரண விசாரணை பல மாதம் கழித்து அலோர் ஸ்டாரில் நடந்தது. குமரேசன் வருவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. வந்தார். கேட்ட எல்லாவற்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னார். தான்தான் அமைத்ததாகவும், கடைசி வரி இருப்பதே தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். பெரிய டாக்டரும் வந்திருந்தார். கிளினிக்கை மூடிவிட்டிருந்தார். எழுத்தைப் பெரிதாகக் கேட்டது தான்தான் என்று, யாரும் கேட்காமலே சொன்னார். இளம் டாக்டர் ஒல்லியாகப் போயிருந்தார். அவர் இப்போது நோயாளிகளைப் பார்ப்பதில்லை, எங்கோ கல்லூரியில் பாடம் எடுக்கிறார் என்று கேள்வி. முடிவில் யார்மேலும் வழக்கு வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். வெளியே வந்தபோது குமரேசன் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் தூக்கவில்லை. அவர் கூலிமில் கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போய்விட்டார், கணினி இருக்கும் அறைக்குள் நுழைவதே இல்லை என்று பின்னால் சொன்னார்கள்.

நான் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ அக்கா என்று கூப்பிட்டார்கள். வனஜாவின் கணவர் செல்வம். விசாரணை நடந்த நேரம் முழுவதும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். அவர் என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அவர் கேட்டது வேறு. வனஜா டாக்டரிடம் சொன்னார், கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று சொன்னார் என்று உள்ளே பேசினார்களே, அது உண்மைதானா, இல்லை செத்துப்போனவள் என்பதற்காகச் சொன்னார்களா என்று கேட்டார். உண்மைதான், மறுநாள் காலையிலேயே டாக்டர் என்னிடம் சொன்னார், ரோகிணியும் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறார் என்றேன்.

"நானே திட்டுனேன் அக்கா. ஆசுபத்திரியில வச்சு, அவ முகத்தப் பாத்து. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லத் தெரியலையா உனக்குன்னு."

பிறகு மற்றதைச் சொன்னார். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அம்மா சொல்கிறார். அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். ஒரு மருந்து ஆகாது என்று தெரிந்த பொம்பளை, டாக்டரிடம் சொல்லாமல் ஊசிக்குக் கையைக் காட்டுவாளா, பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாளா என்று. பெரிய மகளும் அதையே திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் போய்ச் சொன்னால் நம்ப மாட்டார்கள், பெண்டாட்டிக்காகப் பேசுகிறேன் என்பார்கள், நீங்கள் ஒரு தடவை வந்து சொல்ல முடியுமா என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செமிலிங்குக்குப் போனேன். தாமான் என்று சொல்லும் குடியிருப்பில் கடைசி வரிசையில் வீடு. செல்வத்தின் அம்மா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இடி விழுந்ததிலிருந்து ஆரம்பித்து, திரை, வரி, பட்டை எல்லாவற்றையும் சொல்லப் பார்த்தேன். அவர்களுக்கு அது ஒன்றும் எட்டவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அதை விட்டுவிட்டேன்.

"வனஜா டாக்டர்கிட்ட சொன்னாங்கம்மா," என்றேன். "எனக்கு ஒரு மருந்து ஆகாது, பாருங்கன்னு சொன்னாங்க. டாக்டர் பாத்தாரு. அவரு கண்ணுக்குத் தெரியாத மாதிரி நாங்க வச்சிட்டோம்."

அந்த அம்மா கீரை ஆய்வதை நிறுத்தினார். மறுபடி சொல்லு என்றார். சொன்னேன். பெரிய மகள் எழுந்து உள்ளே போனாள். செல்வம் அவள் பின்னாலேயே போனார்.

அந்த அம்மா மடியில் இருந்த கீரையைத் தட்டிவிட்டு எழுந்தார். முழங்கால் வலிக்கிறது போலும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். வாசலுக்குப் போய் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். இவளிடமும் சொல்லு என்றார். சொன்னேன். பிறகு எதிர்வீட்டிலிருந்து ஒருத்தியைக் கூப்பிட்டு வந்தார். அந்த வரிசையில் யார் யாரெல்லாம் அந்தப் பேச்சைப் பேசினார்களோ, அவரும் சேர்ந்து யாரிடமெல்லாம் பேசினாரோ, ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். நான் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னேன்.

கடைசியில் வந்த ஆள் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்தபடி போன பிறகு, இன்னும் ரெண்டு வீடு இருக்கு, அவங்க கோயிலுக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க, இரு தாயி என்றார் அந்த அம்மா. இருந்தேன்.